சிக்கித்தோஸ் இசை தொலைந்து கிடக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொலிவியா நாட்டின் கிழக்குத் தாழ்நிலத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் பரோக் (பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளின் ஐரோப்பியக் கலைப் பாணி) இசை விழாவைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கக் கட்டுரையும், அதனோடு ஓர் ஆலயத்தின் வண்ணப் படமும் வெளியிட்டிருந்தீர்கள். கடற்கரையே இல்லாத ஒரு நாட்டின் சிற்றூர்களில் நடக்கும் விழாவுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அவ்வளவு இடம் ஒதுக்கியது மகிழ்ச்சிக்குரியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோயில் பாடற்குழுவில் வயலின் வாசித்தும், பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தும் வருகிறவன் என்பதால் நான் அக்கட்டுரையை இருமுறை படித்தேன். எனினும் அதன் தலைப்பில் ‘காட்டில் தொலைந்த ஐரோப்பிய இசை’ என்றிருந்ததும், உள்ளே ‘கண்டுபிடிக்கப்பட்டது’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்ததும், படத்தின் கீழே அச்சிட்டிருந்த குறிப்பும் மனத்தை உறுத்தின. அந்த ஊர்களுக்கு நான் போனவன் அல்லன். ஒலிப்பதிவுகளைக் கேட்டும், அச்சான இசைக்குறிப்புகளை வாசித்துப் பார்த்தும், அவற்றைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படித்தும் அறிந்தவற்றைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

சிக்கித்தோஸ் என்பது கட்டுரையில் வந்ததுபோல் ஓர் ஊரின் பெயரன்று. சாந்தா குரூஸ் மாநிலத்தில் பரந்து கிடக்கும் ஒரு நிலப்பகுதியின் பெயர். 1691-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று ஹோசே தே ஆர்சே என்னும் இயேசு சபைக் குரு அங்கே சான் ஹாவியேர் என்னும் குடியிருப்பைத் தொடங்கினார். பின்னர் சான் ரஃபாயேல், சான் ஹோசே, கொன்செப்சியோன், சான் மிகேல், சாந்தா ஆனா என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1767-இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் தம் ஆட்சிப் பரப்பு முழுவதிலிருந்தும் இயேசு சபையாரை வெளியேற்றியபோது அங்கே இத்தகைய ஊர்கள் பத்து இருந்தன. அவற்றுள் ஆறு ஊர்களின் ஆலயங்கள் 1990-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்தப் பட்டியலில் சான் இக்னாசியோ இல்லை. அங்கிருந்த பழைய ஆலயம் 1948-இல் இடிக்கப்பட்டது. இப்போது நிற்பது பழையதை முன்மாதிரியாக வைத்துப் பிற்காலத்தில் எழுப்பியது.

இனி இசைக்கு வருகிறேன். மார்ட்டின் ஷ்மிட் என்னும் குரு 1694-இல் சுவிட்சர்லாந்தின் பார் என்னும் ஊரில் பிறந்து, 1730-இல் சிக்கித்தோஸ் வந்து சேர்ந்தார். அவர் இசையமைப்பாளர், கட்டடக் கலைஞர், ஆர்கன் செய்பவர், வயலின் செய்யக் கற்றுக்கொடுத்தவர் என்று பல தொழில்களையும் ஒருவராகவே செய்தார். சான் ரஃபாயேல், சான் ஹாவியேர், கொன்செப்சியோன் ஆகிய மூன்று ஊர்களின் ஆலயங்களும் 1747-க்கும் 1756-க்கும் இடையே அவர் பொறுப்பில் எழுந்தவை. இவரைப் பற்றித் தங்கள் கட்டுரை விரிவாகவே சொல்லியிருந்தது. நான் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் அவர் வெட்டச் சொன்ன மரத்தை வெட்டியவர்கள், இழைத்தவர்கள், தந்தி பூட்டியவர்கள், அவர் எழுதிய தாளைப் பார்த்து இன்னொரு தாளில் எழுதிக்கொண்டவர்கள் எல்லாரும் அந்நிலத்தின் பழங்குடியினரான சிக்கித்தானோ மக்கள். அவர்களுக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

தோமெனிகோ சிப்போலியின் கதையும் அப்படித்தான் பாதியில் விடப்பட்டிருந்தது. 1688-இல் இத்தாலியின் பிராத்தோ நகரில் பிறந்து, ரோமாபுரியில் இயேசு சபையின் தலைமை ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர் அவர். 1716-இல் விசைப்பலகை இசைத் தொகுப்பு ஒன்றை அச்சிட்டு வெளியிட்ட கையோடு இயேசு சபையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு கப்பலேறித் தென்னமெரிக்கா வந்தார். இன்றைய அர்ஜென்டினாவின் கோர்தோபா நகரில் தங்கிப் படிப்பை முடித்தும், குருப்பட்டம் கொடுக்க ஆயர் இல்லாததால் குருவாகாமலேயே 1726-இன் தொடக்கத்தில் இறந்துபோனார். சிக்கித்தோஸ் மண்ணில் அவர் கால் வைத்ததே இல்லை. அவருடைய இசை மட்டும்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. அவர் இயற்றிய திருப்பலி இசை ஒன்றின் படி 1784-இல் பொலிவியாவின் பொத்தோசி நகரில் எடுக்கப்பட்டிருக்கிறது; அதாவது அவர் இறந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும், அவருடைய சபையே அந்நாட்டிலிருந்து விரட்டப்பட்டுப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும், அதை ஒருவர் வேண்டுமென்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார். யாரும் வாசிக்காத, யாருக்கும் வேண்டாத இசையை அப்படி யாரும் படியெடுக்க மாட்டார்கள்.

இந்தப் படியெடுத்தல் எப்படிப்பட்ட வேலை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல் தவறாவது இங்கேதான். சிக்கித்தோஸ் ஊர்களில் எஞ்சிய இசைச் சுவடிகளில் பெரும்பாலானவை, எல்லாக் குரல்களையும் எல்லாக் கருவிகளையும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும் முழுத்தாள்கள் அல்ல. முதல் வயலினுக்கு ஒரு தாள், இரண்டாம் வயலினுக்கு ஒரு தாள், மேற்குரலுக்கு ஒன்று, கீழ்க்குரலுக்கு ஒன்று, ஆர்கனுக்கு ஒன்று எனத் தனித்தனியாக எழுதப்பட்டவை. பாடற்குழுவில் நின்றிருப்பவர்களுக்கு இது தெரிந்த பழக்கமே. இன்றும் எங்கள் கோயிலில் எனக்குக் கொடுக்கப்படுவது என் வயலினுக்கு உரிய தாள்தான், பக்கத்தில் பாடுகிறவர் என்ன பாடுகிறார் என்பது அதில் இருக்காது. பேழையில் பூட்டிவைப்பதற்காக எழுதுகிறவர் முழுத்தாளாக எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் பிடித்து வாசிப்பதற்காக எழுதுகிறவர்தான் தனித்தாளாகப் பிரித்து எழுதுவார். தாள் நைந்தால் இன்னொன்று எழுத வேண்டும். பழகுகிறவர் ஒருவர் கூடினால் அவருக்கும் ஒன்று எழுத வேண்டும். குருக்கள் போன பின்னும் இந்த வேலை நின்றுவிடவில்லை என்பதற்கு, 1767-க்குப் பிறகு எழுதப்பட்ட படிகளும் அச்சுவடிகளில் இருப்பதே சான்று.

வேறொரு சான்றும் உண்டு. அல்சிட் தோர்பிஞி என்னும் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் 1831-இல் சிக்கித்தோஸ் ஊர்கள் வழியாகப் பயணம் செய்தார். அப்போது ஆலயங்களில் உள்ளூர் மக்கள் பாடியதையும் வாசித்ததையும் கேட்டு வியந்து எழுதினார். ஷ்மிட் முதலானோர் வெளியேறி அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்களிடம் நேரில் கற்ற தலைமுறை ஏறக்குறைய முடிந்திருக்கும். ஆக, அங்கே வாசித்தவர்கள் சிக்கித்தானோ ஆசிரியர்களிடம் கற்ற சிக்கித்தானோ மாணவர்கள். ஒவ்வோர் ஊரிலும் கபில்தோ என்று அழைக்கப்படும் மூத்தோர் அவை இன்றும் இருக்கிறது. திருவிழா நாளில் யார் எதைச் செய்வது, யார் எங்கே நிற்பது என்பதை முடிவுசெய்வதும், பழைய பாடல்களையும் சொற்பொழிவுகளையும் வாய்வழியாகக் காப்பதும் அந்த அவையின் பொறுப்பு. நம் ஊர்க்கோயில்களில் முதல் மரியாதை யாருக்கு, வடம் பிடிப்பது யார் என்பதை எவ்வளவு கண்ணும் கருத்துமாகக் காக்கிறார்களோ அதைப்போல என்று சொன்னால் தமிழ் வாசகர்களுக்குப் புரியும்.

1972-இல் ஹான்ஸ் ரோத் என்னும் சுவிஸ் நாட்டவர், கொன்செப்சியோன் ஆலயத்தைச் சீரமைப்பதற்காக அங்கே வந்தார். அதன் பிறகு 1999-இல் இறக்கும்வரை அந்த வட்டாரத்து ஆலயங்களைப் புதுப்பிப்பதிலேயே காலத்தைச் செலவிட்டார். சான் ரஃபாயேலிலும் சாந்தா ஆனாவிலும் இருந்த இசைத்தாள்கள் அவருடைய முயற்சியால் ஒன்றுதிரட்டப்பட்டன. ஐயாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்தத் தொகுப்பு இப்போது கொன்செப்சியோன் காப்பகத்தில் உள்ளது. ரோத் செய்தது பெருந்தொண்டு. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அவர் வந்தபோது அந்தத் தாள்கள் மண்ணுக்கு அடியில் கிடக்கவில்லை. அந்தந்த ஊர் ஆலயத்தில், அந்தந்த ஊராரின் பொறுப்பில்தான் இருந்தன. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிப் போன வீடுகளில் ஏட்டை வைத்திருந்தவர்கள் அதன் அருமை அறிந்தோ அறியாமலோ தலைமுறை தலைமுறையாகக் கறையானிடமிருந்து காப்பாற்றி வந்தார்கள். அந்த வீட்டார் இல்லாவிட்டால் ஐயர் போய்ப் பார்ப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. சாமிநாதையரை நாம் பதிப்பாசிரியர் என்று போற்றுகிறோம், சிலப்பதிகாரத்தைக் கண்டுபிடித்தவர் என்று சொல்வதில்லை. ரோத்தின் பணியையும் அந்த அளவில் வைத்துப் போற்றினால் போதும்.

தாள்கள் ஒன்றுசேர்ந்த பிறகுதான் உண்மையான தலைவலி. ஒரு பாடலின் நான்கு குரல்களில் மூன்று கிடைக்கும், நான்காவது கிடைக்காது. இரண்டாம் வயலினின் தாள் ஓர் ஊரிலிருந்தும் ஆர்கன் தாள் இன்னோர் ஊரிலிருந்தும் வரும். எழுதியவர் பெயர் பெரும்பாலானவற்றில் இராது. இவற்றைப் பொருத்திப் பார்த்து, விட்டுப்போன குரலை மற்ற குரல்களின் போக்கிலிருந்து ஊகித்து நிரப்பி, வாசிக்கத்தக்க பதிப்புகளாக வெளியிடும் வேலையில் பல ஆண்டுகளாக உழைத்தவர்களுள் முதன்மையானவர் போலந்து நாட்டுக் குருவும் இசை ஆய்வாளருமான பியோத்தர் நவ்ரோத். அவரைக் கலை இயக்குநராகக் கொண்டு, சாந்தா குரூஸ் நகரில் இயங்கும் ஆப்பாக் என்னும் பண்பாட்டு அமைப்பு 1996-இல் தொடங்கியதே தாங்கள் எழுதிய விழா. பல நாடுகளிலிருந்து வரும் குழுக்கள் ஒரே அரங்கில் தங்கிவிடாமல், ஓர் ஊரில் ஒரு மாலை, அடுத்த ஊரில் மறு மாலை என்று ஆலயம் ஆலயமாகச் சுற்றி வாசிப்பது அதன் தனி வழக்கம்.

அந்தச் சுற்றுதான் இவ்விழாவின் உயிர் என்பது என் கருத்து. ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் நடக்கும் பரோக் விழாக்கள் பலவற்றின் பதிவுகளைக் கேட்டிருக்கிறேன். கல் கட்டடத்தில் ஒரு சுரம் எழுந்தால் அது அடங்குவதற்குள் அடுத்த சுரம் வந்து அதன்மேல் ஏறிக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து முழங்கும். சிக்கித்தோஸ் ஆலயங்களில் செய்த பதிவுகளில் ஒலி வேறுவிதமாக இருக்கிறது. சுடாத பச்சைச் செங்கல் சுவரும் மரமும் ஒலியை உறிஞ்சிக்கொள்வதால் ஒவ்வொரு சுரமும் தனித்துத் தெரிகிறது. வில் தந்தியைத் தொடும் ஓசைகூடக் காதில் விழுகிறது. அங்கே எழுதப்பட்ட பாடல்களில் குரல்கள் சிக்கலாகப் பின்னிக்கொள்ளாமல், பெரும்பாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைப் பாடும்படியாக இருப்பதற்கு, கற்றுக்கொள்ள எளிமை வேண்டும் என்பதோடு இந்த ஒலியமைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஈரக்காற்று வீசும் வெப்ப நாட்டில் வயலினைச் சுருதியில் நிறுத்துவது என்ன பாடு என்பதைத் தூத்துக்குடிக் கடற்கரையில் இருக்கும் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. குளிர்நாட்டிலிருந்து வரும் விருந்தினர் குழுக்களுக்கு அந்தச் சிரமத்தைச் சமாளிக்கும் வழியை உள்ளூர்ப் பிள்ளைகள் சொல்லித்தந்தால் தவறில்லை.

உள்ளூர்ப் பிள்ளைகள் என்றேன். அவர்கள் வெறும் பார்வையாளர்கள் அல்லர். குருக்கள் தொடங்கிய மிஷன் ஊர்கள் பலவற்றில் சிறுவர், இளைஞர் இசைக்குழுக்கள் இயங்குகின்றன. அவற்றுள் பெயர்பெற்றது உருபிச்சா என்னும் ஊரின் குழு. தங்கள் கட்டுரை அதையும் சிக்கித்தானோ ஊர் என்று எழுதிவிட்டது. உருபிச்சா குவராயோ மக்களின் ஊர். அவர்கள் மொழி வேறு, அவர்களிடையே பணியாற்றியவர்களும் இயேசு சபையார் அல்லர், பிரான்சிஸ்கன் துறவிகள். அங்கே வயலின் வாசிப்பவர்கள் மட்டுமல்லாமல் வயலின் செய்பவர்களும் இருக்கிறார்கள். நான் முதல் வயலின் வாங்கியபோது அதை நெல்லையில் யாரும் செய்யவில்லை. இன்றும் என் மாணவர்கள் வெளியூர்க் கடைகளுக்குச் சொல்லிவைத்துத்தான் வாங்குகிறார்கள். ஆகவே ஒரு சிற்றூரில் மரத்தை இழைத்து வயலின் ஆக்குகிறார்கள் என்ற செய்தியை எளிதில் கடந்துபோக என்னால் முடியவில்லை.

கட்டுரை வெளியான அடுத்த வாரம் வாசகர் ஒருவர், அடிமைப்பட்ட மக்கள்மீது திணிக்கப்பட்ட இசையைக் கொண்டாடுவதற்கு ஒரு விழாவா என்று கேட்டு எழுதியிருந்தார். அவர் கேட்டது சரியான கேள்வி. சாவோ பாவ்லோவிலிருந்து வந்த அடிமை வேட்டைக்காரர்களுக்கு அஞ்சியும் பலர் அந்த ஊர்களுக்குள் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் தம் விருப்பப்படி வாழவில்லை, மணியோசைக்கு எழுந்து மணியோசைக்குப் படுத்தார்கள். கூட்டமாகக் குடியேற்றியதால் கொள்ளைநோய்களுக்கு ஏராளமானோர் பலியானார்கள். நிருவாக வசதிக்காகச் சிக்கித்தானோவைப் பொதுமொழி ஆக்கியதில் அங்கே வந்து சேர்ந்த வேறு பல சிறு குழுக்களின் மொழிகள் அடையாளமே இல்லாமல் போயின. குருக்கள் போன பின் நிலைமை சீரடையவும் இல்லை. பண்ணை முதலாளிகளும் ரப்பர் வணிகர்களும் அம்மக்களைக் கொத்தடிமைகளாக நடத்தினார்கள். விழா மேடையில் இவற்றையெல்லாம் சொல்கிறார்களா என்றால், போதிய அளவு சொல்வதில்லை என்பதே என் எண்ணம். அழகான மர ஆலயத்தின் முன் மாலை வெயிலில் எடுத்த படத்தில் கொள்ளைநோய்க்கு இடமிருப்பதில்லை.

ஆனாலும் அந்த வாசகரின் முடிவோடு நான் உடன்படவில்லை. திணிக்கப்பட்டது மட்டுமே என்றால், திணித்தவர்கள் 1767-இல் போனதும் மக்கள் வயலினை அடுப்பில் வைத்திருப்பார்கள். தடுக்க யாரும் இருக்கவில்லை. அவர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். வயலின் நம்மிடம் வந்த வழியும் நினைத்துப் பார்க்கத்தக்கது. ஐரோப்பியரிடமிருந்து பாலுசுவாமி தீட்சிதர் கற்றுக்கொண்ட கருவியை இன்று கருநாடக இசை மேடையில் யாரும் அயல் கருவி என்று நினைப்பதில்லை.

கட்டடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரோக் என்றதும் பளிங்கும் தங்கமும் நினைவுக்கு வரும் நமக்குச் சிக்கித்தோஸ் ஆலயங்களை அந்தப் பெயரால் அழைப்பதே விந்தையாகத் தோன்றலாம். அங்கே கூரையைத் தாங்குவது சுவரன்று. முழு மரங்களை நட்டுத் தூண்களாக்கி, அவற்றின்மேல் அகன்ற இரட்டைச் சரிவுக் கூரையை ஏற்றிய பின்னர்தான் பச்சைச் செங்கல் சுவரை எழுப்பினார்கள். சுவர் வெறும் மறைப்பு. கூரை பக்கவாட்டில் நெடுந்தூரம் நீண்டு, நம் வீட்டுத் திண்ணைபோல ஒரு நிழற்பாதையைத் தருகிறது. அந்தத் தூண்களைத்தான் முறுக்கிய கயிறுபோலச் செதுக்கியிருக்கிறார்கள். ரோமாபுரியில் புனித பேதுரு பேராலயத்தின் பீடத்துக்கு மேல் 1634-இல் சிற்பி பெர்னினி முடித்த வெண்கல மண்டபத்தின் தூண்களும் இவ்வாறே முறுக்கியவை. வெண்கலத்தில் வார்த்த வடிவத்தைக் காட்டு மரத்தில் உளியால் கொண்டுவந்த தச்சர்களின் பெயர் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. பொன்தகடு கிடைக்காத இடங்களில் அப்பிரகத்தைப் பதித்துப் பளபளப்பு ஏற்றினார்கள், சுவரில் மண் நிறங்களால் பூக்கொடி வரைந்தார்கள். சான் ஹோசே மட்டும் கல்முகப்புக் கொண்டு தனித்து நிற்கிறது.

ரோத் காலத்துச் சீரமைப்பில் கொன்செப்சியோன் ஆலயத்தின் பெரும்பகுதி புதிதாகவே செய்யப்பட்டது என்றும், இப்போதிருப்பதைப் பழைய ஆலயம் என்று சொல்லலாமா என்றும் கேட்பவர்கள் உண்டு. திருப்பணி என்ற பெயரில் நம் கோயில்களில் நடப்பவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்கும் இத்தகைய ஐயங்கள் வருவதுண்டு. ஆனால் ஒரு வேறுபாடு: அங்கே வேலையைக் குத்தகைக்கு விடாமல், உள்ளூர் இளைஞர்களுக்குத் தச்சும் செதுக்கலும் கற்றுக்கொடுத்துப் பட்டறைகள் அமைத்தார்கள். தூணை மாற்றினாலும் தூண் செதுக்கத் தெரிந்தவர்கள் ஊரில் மிஞ்சினார்கள். அவர்களுக்கு வேண்டிய மரம் மிஞ்சுமா என்பதுதான் இப்போது கவலை. 2019-இல் சிக்கித்தோஸ் வட்டாரமான சிக்கித்தானியாவின் காடுகளில் பற்றிய தீ பல இலட்சம் ஹெக்டேர் நிலத்தைக் கருக்கியது; 2024-இல் மீண்டும் பெருந்தீ. இசை விழாவைப் பற்றிய கட்டுரையில் காட்டுத்தீக்கு என்ன வேலை என்று தாங்கள் நினைத்திருக்கலாம். கூரை, தூண், ஆர்கன், வயலின் எல்லாம் அந்தக் காட்டிலிருந்து வந்தவை.

இந்த விழாவுக்கும் நம் கரைக்கும் தொடர்பே இல்லை என்று கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு வரி இருந்தது. தூத்துக்குடிக்காரனாகிய நான் இதை மறுக்காமல் விட முடியாது. சான் ஹாவியேர் என்பது வேறு யாருமில்லை, நம் சவேரியார்தான். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவர் ஊர்களில் நடந்தே திரிந்து, செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தவர் பெயரைத்தான் சிக்கித்தோஸின் முதல் ஊர் தாங்கியிருக்கிறது. அவரைப் பற்றிச் சிக்கித்தானோ மொழியில் பாடப்படும் சிறிய இசை நாடகம் ஒன்றும் அந்தச் சுவடிகளில் இருக்கிறது. மணப்பாட்டுக் குகையில் தங்கியதாக நாம் சொல்லும் ஒரு மனிதரைப் பற்றி, அவர் கண்டிராத ஒரு கண்டத்தில், அவர் கேட்டிராத ஒரு மொழியில் பிள்ளைகள் பாடுகிறார்கள். இதைவிட வேறென்ன தொடர்பு வேண்டும்? பரோக் என்ற சொல்லே கோணலான முத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பர். ஆணிமுத்துக்குக் கொடுக்கும் விலையைக் கோணல் முத்துக்கு யாரும் கொடுப்பதில்லை என்பது எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கும் தெரியும்.

ஷ்மிட் சிக்கித்தோஸில் இருந்த அதே ஆண்டுகளில், அதே சபையைச் சேர்ந்த வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் தேம்பாவணியை இயற்றியவராக வாழ்ந்துகொண்டிருந்தார். இருவரும் இசையையும் பாட்டையும் கருவியாகக் கொண்டவர்கள்; ஆனால் அங்கே மக்களின் மொழி ஐரோப்பிய மெட்டுக்குள் போனது, இங்கே ஐரோப்பியர் ஒருவர் நம் விருத்தப்பாவுக்குள் வந்தார். எழுதி வைத்த இலக்கணமும் காப்பிய மரபும் இருந்த இடத்தில் வந்தவர் மாணவராக வேண்டியிருந்தது என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். அது முழு விளக்கம் ஆகுமா என்பதைக் கற்றறிந்தோர் தங்கள் பக்கங்களில் எழுதினால் விரும்பிப் படிப்பேன்.

கடைசியாக, அந்தப் படத்துக்கு வருகிறேன். சாந்தா ஆனா ஆலயத்தின் முகப்பை மிக அழகாக அச்சிட்டிருந்தீர்கள். உள்ளே ஒரு பழைய ஆர்கன் இன்னும் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதன் கீழே ‘ஐரோப்பியக் குருக்கள் கட்டிய ஆலயம்’ என்று போட்டிருந்தீர்கள். அது பிழை. ஆறு ஆலயங்களுள் அந்த ஒன்று, இயேசு சபையார் வெளியேற்றப்பட்ட பிறகு எழுந்தது. அதன் வரைவைப் போட்டவர் யார் என்று தெரியவில்லை. ஆனால் மரத்தை வெட்டி, தூணை நட்டு, கூரையை ஏற்றியவர்கள் அவ்வூர் மக்கள், அப்போது அவர்களை ஏவுவதற்கு ஷ்மிட் அங்கே இல்லை. அவர் சுவிட்சர்லாந்துக்குத் திரும்பி, 1772-இல் லூசெர்ன் நகரில் இறந்தார். ஆகவே அடுத்த ஞாயிறு இணைப்பில், சிறிய எழுத்திலேனும், அந்தப் படக்குறிப்பைத் ‘சாந்தா ஆனா மக்கள் கட்டிய ஆலயம்’ என்று திருத்தி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற இசை ஆசிரியர்,
தூத்துக்குடி.